நாலு நாள் காங்கிரஸ்: சாப்பாடு, தூக்கம், காய்ச்சல்

கேள்வி – 3 நவம்பர் 2024

டிசம்பரில் முதல்முறையாக ஹாம்பர்க் போகிறேன், 38சி3 காங்கிரஸுக்கு (கயாஸ் கம்யூனிகேஷன் காங்கிரஸ் என்ற ஹேக்கர் மாநாடு, இது 38-ஆவது). டிக்கெட் வவுச்சர் கிடைத்துவிட்டது. நாலு நாளுக்குச் சாப்பாட்டைப் பற்றி யோசிப்பதே நேர விரயம் என்று நினைக்கிறேன். பிஸ்ஸா, க்ளப்-மாட்டே (காஃபீன் உள்ள குளிர்பானம்), நாலு சாக்லேட் போதும். வயது 24, உடம்பு தாங்கும். போய்வந்தவர்கள் யாராவது வேறு மாதிரி சொல்வீர்களா?

3 நவம்பர், ராத்திரி

வேறு மாதிரிதான் சொல்வேன்.

2018 டிசம்பர், காங்கிரஸ் அப்போது லைப்ஸிக் நகரில். ஊருக்கு வெளியே கண்காட்சி வளாகம், கண்ணாடிக் கூரை போட்ட பெரிய மண்டபம். காங்கிரஸ் நாலு நாளும் ராப்பகலாக நடக்கும், எப்போது போனாலும் கூட்டம் இருக்கும். மூன்றாம் நாள் ராத்திரி இரண்டு மணி வாக்கில் பானம் விற்கும் இடத்தில் வரிசையில் நிற்கிறேன். காதில் இரைச்சல், கை நடுக்கம், கண்ணோரம் இருட்டிக்கொண்டு வந்தது. பக்கத்தில் நின்றவர் தோளைப் பிடித்துத் தரையில் உட்காரவைத்தார். முதலுதவிக் குழுவிலிருந்து ஒரு அம்மா வந்தார், ஐம்பது வயதிருக்கும். நாடி பிடித்துக்கொண்டே கேட்டார்: “கடைசியாக எப்போது சாப்பிட்டாய்?” மதியம் என்றேன். “என்ன சாப்பிட்டாய்?” ஃபலாஃபெல் என்று சொல்ல வாயெடுத்தபோதுதான் உறைத்தது, அது நேற்று மதியம்.

அவர் எதுவும் திட்டவில்லை. பையிலிருந்து ஒரு ப்ரெட்ஸெல் ரொட்டி எடுத்து, சின்னச் சின்னதாகப் பிய்த்து என் உள்ளங்கையில் வைத்தார். ஒரு துண்டை மென்று விழுங்கிய பிறகுதான் அடுத்தது. நடுவில் தண்ணீர். முழு ப்ரெட்ஸெலும் முடிகிறவரை, இருபது நிமிஷம், என் எதிரில் சப்பணமிட்டு உட்கார்ந்திருந்தார். அதன் மேலிருந்த உப்புக்கல் நாக்கில் கரைந்தது இன்னும் நினைவிருக்கிறது.

அன்றைக்கு நான் குடித்திருந்த மாட்டே ஐந்து பாட்டில்.

4 நவம்பர்

மாட்டே கணக்கைப் போட்டுவிடுகிறேன், லேபிளிலேயே இருக்கிறது. 100 மில்லிக்கு 20 மில்லிகிராம் காஃபீன். அரை லிட்டர் பாட்டிலுக்கு 100 மில்லிகிராம், ஒரு நல்ல டம்ளர் காப்பிக்குச் சமம். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2015-இல் சொன்ன வரம்பு, ஆரோக்கியமான பெரியவர்களுக்கு நாளுக்கு 400 மில்லிகிராம், ஒரே மூச்சில் 200. கர்ப்பிணிகளுக்கு நாள் முழுக்கவே 200. என் ஐந்து பாட்டில் 500.

சர்க்கரையும் இருக்கிறது, 100 மில்லிக்கு 5 கிராம். கோலாவில் பாதிதான், ஆனால் ஐந்து பாட்டிலுக்கு 125 கிராம் ஆகிவிடுகிறது. வயிறு நிறைந்த மாதிரி ஒரு பொய் உணர்வு அதில்தான் வருகிறது.

மாட்டேமீது எனக்குக் கோபம் கிடையாது. அதைக் காய்ச்சும் ஆலை முன்ஷ்டைனாஹில், நான் இருக்கும் நூரெம்பெர்க்கிலிருந்து அதிக தூரமில்லை. வீட்டில் எப்போதும் ஒரு பெட்டி இருக்கும்.

4 நவம்பர், மறுபடியும்

“6-2-1 என்றால் என்ன” என்று கேட்டிருந்தார்கள். நாளுக்கு ஆறு மணி நேரத் தூக்கம், இரண்டு வேளைச் சாப்பாடு, ஒரு குளியல். காங்கிரஸில் எல்லோரும் சொல்வது. லாஸ் வேகாஸில் நடக்கும் டெஃப்கான் ஹேக்கர் மாநாட்டில் இதே விதி 3-2-1, தூக்கம் மூன்று மணி நேரம். மூன்று மணி நேரத் தூக்கத்தை விதி என்று எழுதிவைப்பதே எனக்குப் பிடிக்கவில்லை. ஆறே குறைவு.

இரண்டு வேளை என்றால் தட்டு வைத்து உட்கார்ந்து சாப்பிடும் இரண்டு வேளை. நடந்துகொண்டே கடிக்கிற சாக்லேட் கணக்கில் வராது.

9 நவம்பர்

முதலில் கேள்வி கேட்ட தம்பி திரும்ப எழுதியிருக்கிறார்: “பசித்தால் சாப்பிடுவேன், அவ்வளவுதானே?”

அதுதான் நடக்காது தம்பி. அங்கே பசி தெரியாது. காஃபீன் பசியை அமுக்கும். வெளிச்சம் எப்போதும் ஒரே மாதிரி, ஜன்னல் இல்லாத அரங்கங்கள், மணி பார்க்கத் தோன்றாது. ஒரு உரை முடிந்து அடுத்ததற்கு ஓடுவீர்கள். ஓடும் வழியில் யாரோ ஒருவர் பழைய தொலைபேசி எக்ஸ்சேஞ்ச் ஒன்றைப் பிரித்துப்போட்டு உட்கார்ந்திருப்பார், அங்கே இரண்டு மணி நேரம் போய்விடும். எனக்கு ஒருநாளும் அங்கே வயிறு கிள்ளியதில்லை. பசி வருவதற்குப் பதிலாக எரிச்சல் வரும், தலைவலி வரும், எதிரில் பேசுகிறவர் முட்டாளாகத் தெரிவார். அந்த மாதிரி யார்மீதாவது காரணமில்லாமல் கோபம் வந்தால் முதலில் ஒரு ரொட்டி சாப்பிடுங்கள்.

10 நவம்பர்

கடை விஷயம், முதல்முறை வருகிறவர்களுக்கு. ஜெர்மனியில் டிசம்பர் 24-ஆம் தேதி மதியத்தோடு கடை மூடிவிடுவார்கள். 25, 26 விடுமுறை. இந்த வருஷம் 29 ஞாயிறு, அன்றைக்கும் மூடல். ஆக 24 மதியத்திலிருந்து 30 காலைவரை, சாதாரண சூப்பர் மார்க்கெட் திறந்திருப்பது 27, 28 இரண்டே நாள். பெரிய ரயில் நிலையத்துக்குள் இருக்கும் கடைகள் ஞாயிறும் உண்டு, விலை கூட, வரிசையும் நீளம். 27 காலையில் உள்ளே நுழைவதற்கு முன்பே வாங்கிவிடுங்கள்: வாழைப்பழம், ஆப்பிள், கொட்டைகள், நல்ல ரை தானிய ரொட்டி, ஒரு டப்பா ஹம்முஸ் (கொண்டைக்கடலைத் துவையல்). சாயம் பூசிய அவித்த முட்டை வருஷம் முழுக்கக் கிடைக்கும், ஓடு உடையாதவரை ஃப்ரிட்ஜ் தேவையில்லை.

தண்ணீர் வாங்கவே வேண்டாம். குழாய்த் தண்ணீர் குடிக்கலாம், நல்ல தண்ணீர். காலி பாட்டில் ஒன்று போதும். குளிர்காலத்தில் ஹீட்டர் ஓடுகிற அரங்கில் தொண்டை காய்ந்துபோவது தெரியாமலே காயும்.

10 நவம்பர், கொஞ்சம் கழித்து

சைவமா, கிடைக்குமா என்று மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். கிடைக்கும், தாராளமாக. பால்கூடச் சேராத சாப்பாடே நிறைய இருக்கும். கவலை அதிலில்லை. நாலு நாளும் பொரித்ததும் மாவுமாகவே போய்விடும், பச்சையாக எதுவும் உள்ளே இறங்காது, மூன்றாம் நாள் கழிப்பறையில் தெரியும். ஆப்பிள் சொன்னது அதற்காகத்தான்.

16 நவம்பர்

வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு போவது நல்லது. நான் எப்போதும் எலுமிச்சை சாதம் ஒரு பெரிய டப்பாவில் கொண்டுபோவேன், ஹோட்டல் அறையில் வைத்து இரண்டு நாள் வரும்.

17 நவம்பர்

நேற்று எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன். தயவுசெய்து யாரும் அப்படிச் செய்யாதீர்கள்.

என் மனைவி படித்துவிட்டு, “அந்த 2019 ராத்திரியை மறந்துட்டீங்களா?” என்று கேட்டாள். மறந்துதான் போயிருந்தேன். அறையில் ஹீட்டருக்குப் பக்கத்து மேஜையில் டப்பா. முதல் நாள் சமைத்த சாதம், வாடை எதுவும் இல்லை, இரண்டாம் நாள் மதியம் சாப்பிட்டேன். மூன்று மணி நேரத்தில் வாந்தி. அன்று ராத்திரி முழுக்க ஹோட்டல் குளியலறைத் தரையில்தான். அதைக் “கூட்டத்தில் தொற்றிய ஏதோ ஒன்று” என்று இத்தனை வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அரிசியில் பாசில்லஸ் செரியஸ் என்ற கிருமியின் வித்துகள் இருக்கும், கொதிக்கவைத்தாலும் சாகாது. சமைத்த சாதம் வெதுவெதுப்பாக மணிக்கணக்கில் கிடந்தால் முளைத்துப் பெருகி நஞ்சு கக்கும். அந்த நஞ்சு திரும்பச் சூடாக்கினாலும் போகாது. சாப்பிட்ட ஒன்றிலிருந்து ஆறு மணி நேரத்துக்குள் வாந்தி வரும். எனக்கு நடந்தது அப்படியே இதுதான் என்று நினைக்கிறேன். எலுமிச்சைச் சாறு பிழிந்துவிட்டதால் ஒன்றும் ஆகாது என்று நம்பியது தப்பு. ஃப்ரிட்ஜ் இல்லாத அறையில் சாதம் வேண்டாம். தயிர் சாதமும் அப்படித்தான்.

18 நவம்பர்

“அப்போ என்னதான் கொண்டுபோவது?” அவல்.

கெட்டி அவலைக் கழுவி, ஹோட்டல் கெட்டிலில் காய்ச்சிய வெந்நீர் ஊற்றி, ஐந்து நிமிஷம் மூடி வையுங்கள். நீரை வடித்துவிட்டு, வீட்டில் செய்துகொண்டுபோன புளிக்காய்ச்சல் இரண்டு கரண்டி, ஒரு கைப்பிடி வறுத்த வேர்க்கடலை. அப்போது ஊறவைத்து அப்போதே சாப்பிடுங்கள், மீதி வைக்காதீர்கள். புளிக்காய்ச்சல் எண்ணெய் பிரிந்து மேலே நிற்கும்வரை சுண்டியிருக்க வேண்டும். வெந்தயமும் பெருங்காயமும் தாராளமாக. நான் கடைசியில் ஒரு துண்டு வெல்லம் போடுவேன், மனைவிக்கு அது பிடிக்காது.

காலைக்குச் சத்துமாவு, அதே கெட்டில். பொட்டுக்கடலை பாக்கெட்டில் இருந்தால் உரைக்கு நடுவில் சத்தமில்லாமல் மெல்லலாம். சென்னையிலிருந்து வந்து இறங்குகிறவர்கள் கவனிக்க: ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் வெளிநாட்டிலிருந்து பால் பொருளும் இறைச்சியும் கொண்டுவரக்கூடாது. பால்கோவா, நெய், கருவாட்டுத் தொக்கோடு சேர்த்துக் கட்டிய கோழி ஊறுகாய் எல்லாம் நினைத்துப் பார்க்காதீர்கள். கருவாடு மட்டும் மீன் கணக்கு, அதற்குத் தனி வரம்பு. அவல் இங்கேயே கிடைக்கும். ஹாம்பர்க் மத்திய ரயில் நிலையத்திலிருந்து நடக்கிற தூரத்தில் ஸ்டைன்டாம் தெரு, துருக்கி, ஆப்கான், இந்தியக் கடைகள்.

24 நவம்பர்

காய்ச்சல் பற்றி ஏன் எழுதவில்லை என்று ஒருவர் கேட்டார். எழுதத் தயங்கினேன்.

2023-இல், கொரோனா இடைவெளிக்குப் பிறகு ஹாம்பர்க்கில் நடந்த முதல் காங்கிரஸ். நாலு வருஷம் பார்க்காத முகங்கள், எல்லோரையும் கட்டிப்பிடித்தேன். முகக்கவசம் பையிலேயே இருந்தது, போடவில்லை. 31-ஆம் தேதி வீட்டுக்கு வந்தேன். மதுரையிலிருந்து அம்மா வந்திருந்தார், வயது 67. ஜனவரி 2 எனக்குச் சோதனையில் இரண்டு கோடு. 4-ஆம் தேதி அம்மாவுக்கு. எனக்கு மூன்று நாளில் சரியானது. அம்மா பத்து நாள் படுத்துவிட்டார். இருமி இருமி விலா எலும்பைப் பிடித்துக்கொண்டு உட்காருவார். “ஒண்ணுமில்லப்பா, குளிருதான்” என்று எனக்கு ஆறுதல் வேறு. ஊருக்குப் போன பிறகும் இரண்டு மாதம் மாடிப்படி ஏற மூச்சு வாங்கியது.

மாநாட்டிலிருந்து ஒட்டிக்கொண்டு வரும் இந்தக் காய்ச்சலை டெஃப்கான் ஆட்கள் கான் க்ரட் என்பார்கள், பிரஸ்ஸல்ஸில் ஃபோஸ்டெம் மாநாட்டுக்குப் போகிறவர்கள் ஃபோஸ்டெம் ஃப்ளூ என்பார்கள். பெயர் வைத்துவிட்டதால் அது ஏதோ சடங்கு மாதிரி ஆகிவிட்டது. போனால் வரும், வந்தால் போகும் என்று. வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று அந்தப் பெயருக்குத் தெரியாது.

இந்த வருஷம் நாலு நாளும் எஃப்.எஃப்.பி.2 முகக்கவசம். சாப்பிடும்போது மட்டும் கழற்றுவது, அதையும் ஓரமாக, முடிந்தால் வெளியே.

25 நவம்பர்

வைட்டமின் சி மாத்திரை கரைத்துக் குடித்தால் போதாதா? போதாது. தினமும் தொடர்ந்து எடுத்தாலும் சாதாரண ஆட்களுக்குச் சளி வருவதை அது தடுப்பதில்லை, வந்த சளி கொஞ்சம் சீக்கிரம் போகும், அவ்வளவே. பணத்துக்கு ஆரஞ்சு வாங்குங்கள்.

கைச் சுத்தமும் அப்படித்தான், ஜெல் தடவினால் எல்லாம் சரி என்றில்லை. வாந்திபேதி தரும் நோரோவைரஸுக்கு ஆல்கஹால் ஜெல் அவ்வளவாக வேலை செய்யாது. சோப்பும் ஓடும் தண்ணீரும் வேண்டும்.

1 டிசம்பர்

கை என்றதும் இன்னொன்று. வன்பொருள் பகுதியில் நீள மேஜைகள் போட்டு சால்டரிங் சொல்லிக்கொடுப்பார்கள், சின்னப் பிள்ளைகள்கூட உட்காருவார்கள். ஒரு வருஷம் நான் அங்கே மின்சுற்றுப் பலகை ஒன்றைச் சால்டர் செய்துவிட்டு, பக்கத்திலேயே டப்பாவைத் திறந்து அவலைக் கையால் பிசைய ஆரம்பித்தேன். எதிரில் இருந்த பத்து வயதுப் பெண் என் விரலைக் காட்டி “ப்ளை” என்றாள். ஜெர்மனில் ஈயம். விரல் நுனியில் சாம்பல் பூசினதுபோல் இருந்தது. 60/40 ஈயப்பற்றில் நாற்பது சதவீதம் ஈயம்தானே. மேலே எழும் புகை பிசினிலிருந்து வருவது, அது தொண்டையைக் கரிக்கும். ஈயம் உள்ளே போவது விரல் வழியாக. கையால் சாப்பிடுகிற நாம் இதில் ஒரு படி கூடுதலாகக் கவனமாக இருக்க வேண்டும்.

8 டிசம்பர்

சர்க்கரை நோய் உள்ள ஒரு வாசகர் கேட்டதற்கு. எனக்கு அந்த நோய் இல்லை, மருந்து அளவை உங்கள் மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு போங்கள். நேரில் பார்த்ததை மட்டும் சொல்கிறேன். 2023 ஆகஸ்டில் செங்கல் சூளை அருங்காட்சியக வளாகத்தில், காங்கிரஸ்காரர்களே நடத்திய கயாஸ் ஹேக்கர் முகாமுக்கு இன்சுலின் போடுகிற நண்பனோடு போனேன். கூடார வாசம். வெயிலில் கூடாரத்துக்குள் அடுப்பு மாதிரி இருக்கும். அவன் இன்சுலின் பேனாவைத் தண்ணீரில் நனைத்த பையில் சுற்றி எப்போதும் நிழலில் வைத்திருந்தான், நம் மண்பானைத் தத்துவம்தான். பாக்கெட்டில் எப்போதும் குளுக்கோஸ் வில்லை. முக்கியமாக, தாழ்சர்க்கரை வந்தால் தன் முகம் எப்படி மாறும், என்ன தரவேண்டும் என்று எங்கள் நாலு பேருக்கும் முதல் நாளே சொல்லிவிட்டான்.

அந்த முகாமில் வரிசையாக நிற்கும் பிளாஸ்டிக் கழிப்பறைக் கூண்டுகளில் சிலவற்றைத் திறந்தால் உள்ளே நெட்வொர்க் ஸ்விட்ச் இருக்கும். டாட்டென்க்ளோ, ‘தரவுக் கழிப்பறை’ என்பார்கள். மழைக்கும் வெயிலுக்கும் கூண்டு ரெடிமேடாக இருக்கிறதே என்று. அவசரத்தில் ஓடுகிறவர்கள் பெயர்ப்பலகையைப் பாருங்கள்.

15 டிசம்பர்

இத்தனையும் எழுதியபிறகு ஒன்று தோன்றுகிறது. அவல், ஆப்பிள், முட்டை எல்லாம் என் பையில் 2018-இலும் இருந்தது. லைப்ஸிக்கில் நான் மயங்கி உட்கார்ந்தபோது பையில் இரண்டு வாழைப்பழம் கறுத்துக்கிடந்தது. உணவு இல்லாமல் நான் விழவில்லை. சாப்பிட்டாயா என்று கேட்க ஆளில்லாமல் விழுந்தேன். ஊரில் இந்தக் கேள்வியை ஒரு நாளைக்குப் பத்துப் பேர் கேட்பார்கள், வணக்கத்துக்குப் பதிலாகவே கேட்பார்கள். அங்கே தனியாகப் போனால் யாரும் கேட்கமாட்டார்கள்.

அதனால் தம்பிக்கு ஒரு ஏற்பாடு: மதியம் ஒரு மணி, ராத்திரி ஏழு மணி. நாலு நாளும். இடத்தை உள்ளே போனபிறகு எழுதுகிறேன். எந்த உரை ஓடினாலும் எழுந்து வந்துவிட வேண்டும். பெரும்பாலான உரைகளின் பதிவு பிறகு இணையத்தில் வந்துவிடும். வேறு யாராவது சேர்வதாக இருந்தாலும் சரி.

தனியாக வருகிறவர்களுக்கு இன்னொரு வழி, ஏஞ்சல் வேலைக்குப் பெயர் கொடுப்பது. தொண்டர்களை அங்கே ஏஞ்சல் என்பார்கள், வேலை பிரித்துக்கொடுக்கும் இடத்துக்குப் பெயர் சொர்க்கம். வேலை பார்க்கிறவர்களுக்கு அவர்களே சமைத்துப் போடுவார்கள். சூடான சாப்பாடு, பக்கத்தில் பேச ஆள்.

27 டிசம்பர், முதல் நாள்

ஐந்து பேர் வந்தார்கள். இரண்டு பேர் நான் எதிர்பார்க்காதவர்கள், ஒருவர் டோர்ட்முண்டில் பிறந்து வளர்ந்த ஈழத்துப் பெண், வரும்போதே “அண்ணா, சாப்பிட்டிட்டீங்களா?” என்று கேட்டுக்கொண்டே வந்தார். தம்பி பத்து நிமிஷம் தாமதம், கையில் மாட்டே.

28 டிசம்பர்

மூன்று பேர் தங்கும் என் அறையில் ராத்திரி ஜன்னலை மூடியிருந்தோம். நானே சால்டர் செய்த கார்பன் டை ஆக்ஸைடு மானி காலையில் 2,300 பி.பி.எம். (காற்றில் பத்து லட்சத்துக்கு இத்தனை பங்கு) காட்டியது. வெளியே 420 சுமார். அது கிருமியை அளக்காது, அடுத்தவர் விட்ட மூச்சை எவ்வளவு இழுக்கிறோம் என்று ஒரு குறிப்பு. இன்றிலிருந்து குளிரானாலும் ஜன்னல் ஒரு விரல் திறப்பு.

29 டிசம்பர், மதியம்

சூரியன் எட்டரைக்கு மேல் எழுந்து நாலு மணி தாண்டியதுமே விழுந்துவிடுகிறது. உள்ளேயே இருந்தால் நாலு நாளும் பகலைப் பார்க்கவே மாட்டோம். காங்கிரஸ் கட்டடத்துக்குப் பக்கத்திலேயே ப்ளாண்டன் உன் ப்ளோமன் பூங்கா. சாப்பிட்டுவிட்டு எல்லோரும் அங்கே அரைமணி நடந்தோம். குளத்தில் வாத்து இருந்தது. யாரும் செல்பேசியை எடுக்கவில்லை.

29 டிசம்பர், ராத்திரி 11

தம்பி ஏழு மணிக்கு வரவில்லை. செய்தி அனுப்பினேன், பதிலில்லை. டோர்ட்முண்ட் தங்கைதான் தேடிப் போனார். கீழ்த்தளத்தில் தம்பி சோபாவில் சுருண்டு கிடந்தார், பூட்டு திறக்கும் பயிற்சியில் காலையிலிருந்து உட்கார்ந்திருந்திருக்கிறார். ப்ளாஸ்கில் வெந்நீர் இருந்தது. அங்கேயே அவல் ஊறவைத்து அவர் கையில் கொடுத்தோம். முதல் வாயிலேயே கண் கலங்கிவிட்டது. காரம் என்றார். அம்மா கைப்பக்குவம் மாதிரி இருக்கிறது என்று பிறகு சொன்னார்.

4 ஜனவரி 2025

நூரெம்பெர்க் திரும்பி ஐந்தாம் நாள். எனக்குத் தொண்டைக் கரகரப்பு மட்டும். ஜனவரி 1, 3 இரண்டு நாளும் சோதனை ஒரு கோடுதான். அம்மாவிடம் பேசினேன். “மாஸ்க் போட்டியா?” என்று கேட்டார், போட்டேன் என்று சொல்ல முடிந்தது.

ஐந்து பேரில் ஒருவருக்கு மட்டும் காய்ச்சல். அவர் முகக்கவசம் போட்டவர்தான். அதனால் போட்டால் வராது என்று நான் சொல்லமாட்டேன்.

9 ஜனவரி

திருத்தம், 10 நவம்பர் குறிப்புக்கு: ஹம்முஸ் டப்பா திறந்தபிறகு ஃப்ரிட்ஜ் இல்லாமல் மறுநாளுக்கு வைக்காதீர்கள். அதை எழுத விட்டுவிட்டேன். சின்ன டப்பாவாக வாங்கி, ஐந்து பேர் உட்கார்ந்து அன்றைக்கே தீர்த்துவிடுங்கள்.

தம்பி புளிக்காய்ச்சல் அளவு கேட்டிருக்கிறார். எலுமிச்சம்பழ அளவு இரண்டு உருண்டைப் புளிக்கு நல்லெண்ணெய் அரை டம்ளர். எண்ணெயில் கை வைக்காதீர்கள், குறைத்தால் நாலு நாள் தாங்காது.